டோக்கன் இல்லாத வாசகி

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்துக்கு நான் பொறுப்பாளர். சுற்றுவட்டாரக் கல்லூரிகள் சில சேர்ந்து அப்போதுதான் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. விலை அதிகமான புத்தகத்தை எல்லாக் கல்லூரியும் வாங்க வேண்டாம்; யாருடைய மாணவரும் எந்த நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கே நாற்காலி போதவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளை அழைத்து வந்தார். வேறு கல்லூரியில் எம்.ஏ. படிக்கிற பெண். "எனக்கு டவுன்ல சோலி இருக்கு சார். சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவா. பிள்ளையப் பாத்துக்கங்க" என்றார்.

அவளைப் பின்னால், பழைய பத்திரிகைகள் அடுக்கிய அறையில் உட்கார வைத்தேன். எங்கள் மாணவர்கள் உள்ளே வரும்போது, பலகையில் மாட்டியிருக்கும் டோக்கன் ஒன்றை வாங்குவார்கள். போகும்போது திருப்பித் தருவார்கள். அவளுக்கு நான் கொடுக்கவில்லை. வெளி ஆளுக்கு எதற்கு?

சனிக்கிழமை அரை நாள்தான். மதியம் டோக்கன்கள் எல்லாம் பலகைக்குத் திரும்பியிருந்தன; எல்லாரும் போய்விட்டார்கள் என்று அர்த்தம். பின் அறையை எட்டிப் பார்க்காமலே எல்லாக் கதவையும் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். இனி திங்கட்கிழமைதான் திறக்க வேண்டும்.

மாலையில் திருக்கோஷ்டியூர் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அந்தத் தகப்பனார் எதிரே வந்தார்.

"என்ன சார், நீங்க இங்குட்டு நிக்கிறீக? எம் மக எங்க?"

அப்போதுதான் உறைத்தது, அவள் உள்ளேயே இருக்கிறாள். அந்த அறைக்கு மதிலைப் பார்த்த ஒரு ஜன்னல்தான். கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

"படிச்சுக்கிட்டு இருக்கு... கூட்டிட்டு வர்றேன்."

அவர் சிரித்தார். "புத்தகத்தக் கண்டா சோத்த மறந்துருவா, கிறுக்கி!"

ரிக்‌ஷாவில் நூலகத்துக்கு விரைந்தேன். அந்த அறைக் கதவைத் திறந்தால், உள்பக்கம் கதவோரமாகவே உட்கார்ந்திருந்தாள். தட்டித் தட்டிக் கை கன்றிச் சிவந்திருந்தது. குரல் கட்டியிருந்தது. என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"சார், யார்ட்டயும் சொல்லிராதீக. இதச் சாக்கா வச்சு இனிமே வெளிக் காலேஜ் ஆளுகள உள்ளயே விட மாட்டாக."

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ஊர் பஸ் போய்விட்டது. "நேரங்காலம் தெரியாது? சாரை இப்படி அலைய விட்டுட்டியே!" என்று எல்லார் முன்பும் தகப்பனார் மகளை ஏசினார். அவள் தலை குனிந்து நின்றாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. அவர் என்னைக் கும்பிட்டு நன்றி வேறு சொன்னார்.

திங்கட்கிழமையிலிருந்து வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் டோக்கன் கொடுத்தேன். முன் கூடத்திலேயே இடமும் கொடுத்தேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவள் மட்டும் பிறகு வரவில்லை; நேரங்காலம் தெரியாதவளை அனுப்ப மாட்டோம் என்கிறார்கள் வீட்டில் என்று அவள் கல்லூரி நூலகர் ஒருமுறை சொன்னார்.

எல்லாருக்கும் திறந்திருக்கட்டும் என்று அவள் கேட்ட கதவை, அவளுக்கு மட்டும் என் மௌனம் இரண்டாம் முறை பூட்டிவிட்டது என்பது இந்த வயதிலும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.