அம்மாவின் பேனாவும் சாம்பேசி நதிச் சுவரும்

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் உறவினர் பட்டியலை இப்போதே புரட்ட வேண்டாம். நம்மவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பது எனக்குத் தெரியும். தன் பெயர் இருக்கிறதா, யாருக்குப் பின்னால் இருக்கிறது, பிள்ளைகளின் பெயர் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். கோபித்துக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது. முதலில் அம்மாவைப் பற்றி வாசியுங்கள். அந்தப் பட்டியலுக்கும் அம்மாவுக்கும் ஒரு கதை உண்டு. அது ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா மன்னாரின் கரையோரக் கிராமம் ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடைசிப் பிள்ளை மாமா. மாமா பிறந்த கையோடு அவர்களுடைய தாயார் படுக்கையில் விழுந்துவிட, அம்மா எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கினார். தன் கலியாணத்தன்று காலையிலும் தம்பிக்குத் தலைவாரிவிட்ட பிறகுதான் தன் தலையை வார உட்கார்ந்தாராம். அப்பா முதலில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நான்கு வருடம் கழித்து அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். விமான நிலையத்தில் அப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அழுதுகொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

இங்கே அம்மா மாடிப்படிகள் கழுவினார், சமைத்தார், பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். ஒரு வீட்டின் எசமானியான சிஞ்ஞோரா ஆறு வருடமாக அம்மாவை ‘மரியா’ என்றே கூப்பிட்டார். அம்மாவின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லையாம். அந்தப் பெயர் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. அப்படியொன்றும் பொல்லாத பெயர் இல்லை.

மாமா ஊரிலேயே இருந்தார். போர் முடிந்த நாட்களில் அவரை இராணுவம் பேருந்து ஒன்றில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

சில வருடங்களில் அப்பாவும் நோயில் போய்ச் சேர்ந்தார். அப்பாவின் நினைவு மலரை அச்சுக்குக் கொடுத்தவள் நான். உறவினர் பட்டியலில் இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவது நம் வழக்கம். மாமாவின் பெயருக்கு முன்னாலும் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நான் அச்சில் போட்டேன், அவ்வளவுதான்.

மலர்கள் பெட்டியில் வந்து இறங்கிய அன்று அம்மா ஒன்றை எடுத்து வாசித்தார். பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு பிரதியிலும் அந்த ஒரு சொல்லை வெட்டத் தொடங்கினார். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

“அவன் செத்ததை நீ கண்டனியோ?”

அப்பாவின் மலரை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு ஒவ்வொன்றிலும் இருக்கும். நானோ உள்ளுக்குள் அம்மாவுக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன். படிக்காதவர், ஏற்றுக்கொள்ளத் தெரியாதவர் என்றும் நினைத்தேன். இன்று அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகுதான் அம்மா பலெர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் சிஞ்ஞோர் நீனோவைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். எண்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், வாயாடி. ஒரே மகள் மிலானோவில். வேலைக்குச் சேர அம்மா வைத்த ஒரே நிபந்தனை தன்னைத் தன் பெயரால் கூப்பிட வேண்டும் என்பது. மனிதர் பல நாள் பாடுபட்டார். சரியாகச் சொன்ன அன்று தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாராம்.

அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது. இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து எழும்பும் வெள்ளைச் சுவர். அதற்கு முன்னால் சட்டை இல்லாத இத்தாலிய இளைஞர்கள் நால்வர். ஓரத்தில், படச்சட்டம் பாதி உடலை மறைத்த நிலையில், தோளில் பலகையோடு ஒரு கறுப்பின மனிதர். தூசு தட்டும்போது இது யார் என்று அம்மா கேட்டார். “நெஸ்ஸூனோ” என்றார் சிஞ்ஞோர். ஒருவருமில்லை என்று அர்த்தம். அம்மா அதோடு விடுகிற ஆளா என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூசு தட்டினார், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் ரொடீசியா வந்தது. அம்மா வேலை முடிந்து வந்து சொல்வார், நான் போனில் தேடி வாசித்துக் காட்டுவேன், அடுத்த நாள் அம்மா அதை வைத்து அவரை மடக்குவார். ஒரு வெள்ளைக்காரரின் பெயரையே நாட்டுக்குச் சூட்டியிருந்தார்கள் என்று அறிந்தபோது அம்மா வாயில் கைவைத்தார். நல்ல மண்ணெல்லாம் வந்தவர்களுக்கு, வறண்ட மண் பிறந்தவர்களுக்கு என்று சட்டம் எழுதிப் பிரித்திருந்தார்கள். குடிசைக்கு வரி போட்டார்கள். அந்த வரியைக் கட்டுவதற்காகவே ஆண்கள் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. கறுப்பின ஆண் தன் சொந்த நாட்டில் நடப்பதற்குச் சட்டைப்பையில் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அதை நான் விளக்க வாயெடுத்தபோது அம்மா நிறுத்திவிட்டார். பாஸ் என்றால் என்னவென்று போர்க்கால மன்னாரில் இருந்து வந்தவளுக்கு விளக்கத் தேவையில்லை என்றார்.

வடக்கு ரொடீசியாவுக்கும் தெற்கு ரொடீசியாவுக்கும் நடுவில் ஓடிய சாம்பேசி நதியை, கரிபா என்ற இடத்தில் மறித்துக் கட்டிய சுவர்தான் அந்தப் படத்தில் இருந்தது. இன்று ஒரு கரை சாம்பியா, மறு கரை சிம்பாப்வே. கட்டப் போனவர்களில் ஏராளம் பேர் இத்தாலியர். சிஞ்ஞோர் இருபது வயதில் போர்கோ வெக்கியோவில் இருந்து தச்சராகப் போனார். கொங்கிறீட் ஊற்றுவதற்குப் பலகை அடைப்பது அவர் வேலை. அடுத்தடுத்து இரண்டு வருடம் நதி பெருகி வந்து கட்டியதை இடித்துக்கொண்டு போனதாம். நதியின் தெய்வம் பாம்பு வடிவில் கோபித்துக்கொள்கிறது என்று ஆற்றங்கரைச் சனம் சொன்னதைக் கேட்டுத் தொடக்கத்தில் இத்தாலியர்கள் சிரித்தார்கள், இரண்டாம் வருடம் சிரிக்கவில்லை என்று சிஞ்ஞோர் சொன்னார். அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது பூசையில் முழந்தாளிடுகிற மாதிரி இருந்தது என்றும் சொன்னார். அம்மாவுக்கும் அந்தப் படத்தைப் பார்த்து வியப்புத்தான். மனிதர் கையால் இவ்வளவும் ஆகுமா என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

ஆனால் சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரில் தொங்கா மக்களின் ஊர்கள் போயின. வயல்களும் சவக்காலைகளும் போயின. ஒரு கரையில் தாயும் மறு கரையில் மகளுமாக வாழ்ந்தவர்களுக்கு இடையில் கடல் போல் ஏரி வந்தது. போக மறுத்தவர்கள்மேல் ஓரிடத்தில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. லொறிகளில் சட்டி பானையோடும் ஆடுகளோடும் அவர்களை ஏற்றிக்கொண்டு போனதைச் சிஞ்ஞோர் கண்ணால் கண்டவர். மின்சாரம் சுரங்கங்களுக்கும் பட்டணங்களுக்கும் போனது. ஊரை விட்டவர்களோ பல காலம் இருட்டிலேயே இருந்தார்கள். நீர் ஏற ஏறத் தீவுகளில் அகப்பட்ட மிருகங்களைப் படகில் போய்க் காப்பாற்றினார்கள், அதை உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின என்று நான் வாசித்தபோது, அம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“சனத்தை ஏத்தின லொறியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையோ?”

எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண், நான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்தும் கேட்கப் பழகாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் அம்மாவை நான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன்.

படத்தின் ஓரத்தில் நின்றவரைப் பற்றிச் சிஞ்ஞோர் வாய் திறக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நவம்பர் மாதம் வந்தது. இறந்த விசுவாசிகளுக்காகக் கபோ சந்தைப் பக்கத்துக் கோவிலில் நடக்கும் நம் தமிழ்ப் பூசைக்கு எல்லாரும் பெயர் எழுதிக் கொடுப்போம் அல்லவா? அம்மா அப்பாவின் பெயரை எழுதுவதைப் பார்த்த சிஞ்ஞோர், இன்னொரு பெயரையும் எழுதச் சொன்னார். சிக்ஸ்பென்ஸ்.

பலகை எடுத்துக் கொடுக்கும் அந்த ஆளை வேலைத்தலத்தில் எல்லாரும் அப்படித்தான், ஆறு பென்னி நாணயத்தின் பெயரால்தான், கூப்பிட்டார்களாம். உச்சரிக்கக் கஷ்டமான பெயர்களுக்குப் பதிலாக வெள்ளைக்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்ததை வைப்பது அந்த நாட்டு வழக்கம். இரண்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் ஒரு மேசையில் சாப்பிட்டதில்லை. தங்குமிடங்களும் வேறு வேறு. சிஞ்ஞோருக்கு மலேரியா வந்தபோது முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். வழியில் தன் உண்மையான பெயரைச் சொன்னாராம். காய்ச்சலில் சிஞ்ஞோர் சிரித்துவிட்டார், பெயரும் மனதில் நிற்கவில்லை. பிறகு ஒருநாள் சாரம் சரிந்து பலர் விழுந்தார்கள். சிலர் ஈரக் கொங்கிறீட்டுக்குள் போனார்கள். அடுத்த நாள் காலையில் வேறொருவர் பலகை எடுத்துக் கொடுத்தார். அவரையும் மேற்பார்வையாளர் சிக்ஸ்பென்ஸ் என்றே கூப்பிட்டார். பழையவர் எங்கே என்று சிஞ்ஞோர் கேட்கவில்லை. செத்தாரா, ஊருக்குப் போனாரா, ஒன்றும் தெரியாது. பின்னர் அந்த நாட்டு மக்கள் ஆட்சியைத் தங்கள் கையில் எடுத்து நாட்டின் பெயரையே மாற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, கூட்டத்துக்குள் அந்த முகத்தைத் தேடினாராம்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“அது பேரில்லைப் பிள்ளை, சில்லறைக் காசு. அதைப் பூசையிலை வாசிக்கக் குடுக்க மாட்டன்.”

பெயர் மட்டும் அல்ல, செத்ததைக் கண்ணால் காணாமல் செத்தவர் பட்டியலில் எழுதவும் மாட்டேன் என்று சிஞ்ஞோரிடமே சொல்லிவிட்டார். மனிதருக்குக் கோபம் பொங்கியது. தன் கண் மூடுமுன் அந்த ஆளுக்கு ஒரு பூசை வைத்துவிட்டால் மனது ஆறும் என்று எண்ணியிருந்தவர். மிலானோவுக்குப் போன் எடுத்து, இவளை நிறுத்திவிடு என்று மகளிடம் சொன்னார். எங்கள் வீட்டு வாடகை அந்த வேலையில்தான் நின்றது. அதை நினைவுபடுத்தியவள் நான்தான், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

“எழுதினால் முடிஞ்சுது எண்டு அர்த்தம். பிறகு ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஆருக்கு வசதி? செத்தவனுக்கோ?”

அப்போதுதான் அப்பாவின் மலரில் அம்மா போட்ட கோடுகள் எனக்கு விளங்கின. என் அம்மா ஏற்றுக்கொள்ளத் தெரியாதவர் இல்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்பதை நிறுத்திய பிறகும், ஒற்றை ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த மூன்றாம் நாள் சிஞ்ஞோரே போன் எடுத்து வரச் சொன்னார். அம்மா போனபோது படம் சுவரில் இல்லை, மேசையில் குப்புறக் கிடந்தது. பின்பக்கத்தில் நான்கு இத்தாலியர்களின் முழுப் பெயர்களும், அவற்றின் கீழ் சிக்ஸ்பென்ஸ் என்றும் பழைய மையில் எழுதியிருந்தது. இனி இதில் என்ன எழுதுவது என்று கேட்டார். உண்மையை எழுதுங்கள் என்றார் அம்மா. அவர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, ‘இவருடைய பெயரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை’ என்று எழுதினார். எழுதிவிட்டு அழுதாராம். அன்றிலிருந்து அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் இரண்டு மெழுகுதிரி ஏற்றினார், ஒன்று மாமாவுக்கு, மற்றது அவருக்கு. இறந்தவர்களுக்கான திரி அல்ல. வர வேண்டியவர்களுக்கான திரி.

சிஞ்ஞோர் அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்மூடினார். கடைசியாக அவர் சொன்னது அம்மாவின் பெயரை. முழுசாக, பிழையில்லாமல். படத்தை அவருடைய மகள் எங்களிடம் தந்தார். அது எங்கள் வீட்டில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மாலை போடவில்லை.

போன வருடம் அம்மாவுக்கு நோய் முற்றியபோது மருத்துவமனைக் கட்டிலில் வைத்து மலரைப் பற்றிக் கதைத்தார். தன் படம் எது, பாட்டு எது என்றெல்லாம் அல்ல.

“தம்பியின்ரை பேருக்கு முன்னாலை ஒண்டும் போட்டிடாதை. நான் பேனையோடை வரமாட்டன்.”

அம்மாவின் நோய்க்காலத்தில் முறை வைத்து மருத்துவமனையில் இருந்த பெண்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த போர்கோ வெக்கியோ அயலவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், உடலைச் சுமந்த சகோதரர்களுக்கும், மிலானோவில் இருந்து பேருந்தில் வந்து கடைசி வரிசையில் நின்று அழுத சிஞ்ஞோரின் மகளுக்கும், தூர தேசங்களில் இருந்து அழைத்து ஆறுதல் சொன்ன ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் சித்தி கனடாவில் இருந்து மூன்று தடவை அழைத்து, மாமாவின் பெயரை இப்படிப் போட்டால் சனம் என்ன நினைக்கும் என்று கேட்டார். சனம் கேட்கட்டும் சித்தி. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டலாம். அம்மாவின் உடன்பிறப்புகளின் வரிசையில் மாமாவின் பெயர் இருக்கிறது. அதன் கீழே, உறவு எதுவும் குறிக்காமல், பலகை சுமந்தவருக்காக ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அச்சகத்தார் அதைப் பிழை என்று நினைத்து இரண்டு தடவை நீக்கினார்கள். இரண்டு தடவையும் திருப்பிப் போடச் சொன்னேன்.

பிரதிகள் நேற்றுப் பெட்டியில் வந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டேன். அம்மா, இந்த முறை உங்கள் பேனாவுக்கு வேலை இல்லை.