சத்தமில்லாத டி.வி.யும் சலவைக் கடைக்காரர் மகளும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குடியிருப்பு ஆண்டு மலருக்கு "வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்தவை" பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலர் லிஃப்டில் வைத்துக் கேட்டபோது, நான் பார்ப்பதெல்லாம் இங்கிலாந்துக்காரர்களின் பழைய நகைச்சுவைத் தொடர்கள்தான் என்று உண்மையைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அதையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார். அரைகுறை ஆங்கிலம் வைத்திருப்பவளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் பரிந்துரைக்கப் போனால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சூடேறிய தூசியும் புதிதாகக் கறந்த பாலும் கலந்தால் ஒரு வாசனை வரும். இங்கிலாந்து என்றால் எனக்கு இன்றும் அந்த வாசனைதான். தூசி, எங்கள் டி.வி.யின் பின்பக்கத்திலிருந்து வருவது. பால், தேசம்மாவின் கேனிலிருந்து. அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஃபிட்டர். எங்கள் வரிசையில் ஒரு வீடு வேலூர், ஒரு வீடு தஞ்சாவூர், நாங்கள் கோவில்பட்டிப் பக்கம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்க, அந்த மண்ணிலேயே பிறந்தவள் என்று எனக்குத் தெரிந்தவள் சேக்காட்டிலிருந்து சாயங்காலம் பால் ஊற்ற வரும் தேசம்மா மட்டும்தான். நிலத்தில் பாதியை விற்றுவிட்டு மீதியில் மாடு வைத்திருந்த குடும்பம். எங்கள் வீடுதான் அவளுக்குக் கடைசி வீடு என்பதால், பால் ஊற்றியதும் வாசற்படியை ஒட்டி உள்பக்கமாக உட்கார்ந்து அம்மா தரும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

எங்களுடையது மரப்பெட்டிக்குள் இருந்த, ஷட்டர் இழுத்துச் சாத்தும் கறுப்பு வெள்ளை டி.வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது லேசாக 'கொர்' என்று இரைந்ததற்காக அப்பா அதைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது இரைச்சல் நின்றிருந்தது; கூடவே மற்ற எல்லாச் சத்தமும் நின்றிருந்தது. படம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறாராமே என்று அம்மா மெதுவாக எடுத்துக் கொடுத்ததற்கு, "பிரிச்சவன் நான், மாட்டுறவனும் நான்தான்" என்றார் அப்பா. அதன் பிறகு ஒவ்வொரு லீவு நாளும் அவர் அதைப் பிரிப்பதும் மாட்டுவதுமாகப் பல மாதங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் வேலூர்க்காரர் வீட்டுக்குப் போனார்கள். நாங்களும் போனோம்.

வாரத்தில் ஒரு சாயங்காலம் வந்த இங்கிலாந்து நகைச்சுவைத் தொடர் மட்டும் எங்களுக்கே எங்களுக்கு என்று மிஞ்சியது. அதற்குப் போட்டி கிடையாது. சத்தம் இருந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது என்பதால் நஷ்டமும் கிடையாது. மழை விட்டுவிட்டுப் பெய்யும் ஒரு சிறு ஊரில் ஒரு சலவைக் கடை. வழுக்கைத் தலைக் கடைக்காரர், பருத்த அவர் மனைவி, கல்லாவில் நிற்கும் மகள். இவர்களுக்கு நடுவே ஒவ்வொரு வாரமும் ஒரு ஒல்லி மனிதர் குடையோடு வந்து நிற்பார். அவர் எதற்கு வருகிறார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

முதல் இரண்டு வாரம் பேசாமல் பார்த்த தேசம்மாவுக்கு மூன்றாவது வாரம் பொறுக்கவில்லை. கடைக்காரர் வாயைத் திறந்ததும் இவள் வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னா சார், வாராவாரம் ஒரே கொடைய தூக்கினு வந்து நிக்கிற, ஊட்ல வேற வேலயே இல்லியா?" உடனே கடைக்காரர் மனைவி வந்து ஏதோ கத்த, "யோவ், அந்தாளாண்ட இன்னா பேச்சு? தண்ணி லாரி வந்துகினு கீது, கொடத்த எட்துகினு ஓடு" என்று அதற்கும் இவளே குரலை மாற்றிப் பேசினாள். அம்மா சமையலறையில் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து தேசம்மா பேசினால்தான் இங்கிலாந்துக்காரர்கள் பேசினார்கள். குவார்ட்டர்ஸில் அந்த வாரம் நடந்ததெல்லாம் அந்தச் சலவைக் கடையில் நடந்தது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் எங்கேயோ சுற்றிவிட்டு வருகிறவர், கடன் கேட்ட சர்க்கரையைத் திருப்பித் தராதவர் என்று எல்லோரும் கோட்டும் தொப்பியும் போட்டு வந்து திட்டு வாங்கிப் போனார்கள். அப்பா செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காதில் விழாதது மாதிரியே இருப்பார். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒரு பக்கம்கூடத் திரும்பாது.

அந்த ஆண்டுதான் வசந்தாக்காவுக்கு, என் ஒரே அக்காவுக்கு, நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டுதான் அவளைத் தன் மகன் சங்கரனுக்குத் தை மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்று கோவில்பட்டி அத்தை சொல்லியனுப்பியிருந்தாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், அவரைத் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சைத் தட்டும் பழக்கம் அப்பாவிடம் இல்லை. எங்கள் வீட்டில் அக்கா அப்பாவிடம் நேரில் எதுவும் கேட்டதும் இல்லை. அவள் அம்மாவிடம் சொல்வாள், அம்மா அப்பாவிடம் சொல்வாள், பதிலும் அதே வழியில் திரும்பி வரும். பயிற்சி விஷயமும் அப்படியே போய், "சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்னு சொல்லு" என்று திரும்பி வந்தது. அதற்கு மேல் அனுப்ப வேறு வழி எங்கள் வீட்டில் இல்லை. அக்கா அழவில்லை. வழக்கம்போல மாவு சலித்தாள், என் தலையை வாரினாள். கொஞ்சம் இறுக்கி வாரினாள் என்று மட்டும் ஞாபகம்.

பயிற்சியில் சேர வேண்டிய நாளுக்குச் சில நாட்கள் முன்னால், அத்தை சங்கரன் அத்தானையும் அழைத்துக்கொண்டு பூவும் பழமுமாக வந்து இறங்கினாள். மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துத் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வந்த அன்று சாயங்காலம் சலவைக் கடை நாள். விருந்தாளி வந்திருக்கிறார்களே என்று அம்மா டி.வி.யைப் போடாமல் இருக்க, அத்தானே கூச்சத்தோடு அது ஓடுமா என்று கேட்டுவிட்டார். படம் மட்டும் வரும் என்று அப்பா சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேசம்மா பால் ஊற்றிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். புது ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அவள் அடக்கி வாசிக்கவில்லை. குடைக்காரர் வந்ததும் வழக்கம்போலத் தொடங்கினாள். அத்தை முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

அப்போது கடையில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஏதோ சண்டை மூண்டது. அந்த மகள் கல்லாவை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். தேசம்மா பேசவில்லை. அவள் வாய் நிறையக் காப்பி இருந்தது. அந்தப் பெண்ணின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தபோது, சமையலறை நிலைப்படியிலிருந்து வசந்தாக்காவின் குரல் வந்தது.

"நான் நர்ஸ் படிக்கப் போறேன்பா. கல்யாணம் இப்ப வேணாம்."

முதலில் சிரித்தவள் நான்தான். அக்காவும் விளையாட்டில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டேன். அக்கா யாரையும் பார்க்கவில்லை, டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் அந்தப் பெண்ணுடைய அப்பாவின் முறை வந்தது. அவர் விரலை நீட்டி நீட்டி நெடுநேரம் பேசினார். தேசம்மா காப்பியை விழுங்கிவிட்டாள், ஆனாலும் அவருக்குக் குரல் கொடுக்கவில்லை. எங்கள் அப்பாவின் கையில் செய்தித்தாள் தாழ்ந்திருந்தது.

"ஏ தம்பி, இங்க என்ன நடக்கு?" என்றாள் அத்தை.

"சும்மா இரு தாயி, அந்தப் பொண்ணு அவங்க நைனாவாண்ட பேசிகினு கீது" என்றாள் தேசம்மா, திரும்பிப் பார்க்காமலே.

காட்சி மாறி, கடைக்கு வெளியே மழையில் நின்றிருந்த குடைக்காரர் வந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த மௌனத்தில் சங்கரன் அத்தான் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் அவருக்காகப் பேசினார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. கடையில வேல இருந்தா நீங்க பாருங்க. நான் நனைஞ்சுக்கிட்டே போயிருதேன்." குடைக்காரரும் அப்படியே திரும்பி நடந்தார். தேசம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள், சிரித்தாளா என்ன என்று தெரியவில்லை. அத்தை மகனை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தன் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தாள்.

மறுபடியும் கடை வந்தது. வழுக்கைத் தலைக் கடைக்காரர் ஒரு சட்டையை மடித்தபடி, மகள் பக்கம் பார்க்காமல், ஒரே ஒரு வாக்கியம் பேசினார். அந்த விளையாட்டில் அதுவரை ஒரு நாளும் சேராத எங்கள் அப்பா, டி.வி.யைப் பார்த்தபடியே, கரகரத்த குரலில் கேட்டார்.

"எப்ப சேரணும்?"

பதில் சொல்ல வேண்டியவள் திரையில் இல்லை. கடைக்காரர் மனைவி வந்து ஒரு கூடைத் துணியைக் கொட்டினாள், கூடையை உதறினாள், திரும்பிப் போனாள். அக்கா காத்திருந்தாள். வீடே காத்திருந்தது. அந்தப் பெண் மறுபடி முகம் காட்டி உதட்டைப் பிரித்ததும்தான் அக்கா சொன்னாள், "திங்கக்கிழமைப்பா." தேசம்மா கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் காப்பியை அவள் வேண்டுமென்றே வாயில் வைத்திருந்தாளா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

இதனால்தான் இந்தத் தொடர்களைப் பார்க்கச் சொல்கிறேன். பெயர்களை இங்கே எழுதவில்லை. என் உச்சரிப்பில் எழுதினால் உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். நடைபயிற்சியில் பார்த்தால் கேளுங்கள், போனில் காட்டுகிறேன். ஆளே ஏறாத பஸ்ஸை ஓட்டும் அண்ணன் தம்பி கதை ஒன்று இருக்கிறது. வாராவாரம் கூடி எதையும் தீர்மானிக்காமல் கலையும் ஊர்க் கமிட்டி கதை ஒன்று இருக்கிறது, நம் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். அவற்றில் அழகானவர்கள் இல்லை, வீடுகள் குவார்ட்டர்ஸ் மாதிரிச் சின்னவை, யாரும் கடைசியில் பணக்காரர் ஆவதில்லை. மனதில் உள்ளதைச் சொல்லத் தெரியாதவர்கள் டீயைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கதைக்குச் சில வாரங்கள்தான், இழுக்காமல் முடித்துவிடுவார்கள். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்தால் கூட ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

போன மாதம் வசந்தாக்காவின் மகள் அந்தச் சலவைக் கடையை எங்கிருந்தோ தேடிப் பிடித்துவிட்டாள். ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்காவும் நானும் பருத்திப்பட்டில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். வண்ணத்தில் இருந்தது. கடையின் கண்ணாடிக் கதவுக்குச் சட்டம் பச்சை என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். சத்தமும் இருந்தது. நாங்கள் சிரித்த இடங்களில் அந்த ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. அந்தச் சண்டைக் காட்சி வந்தபோது கீழே ஓடிய எழுத்துகளை அக்கா மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள். ஜன்னல் திரைக்கு எந்தத் துணி போடுவது என்பதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் தகராறாம். அக்கா திரையைப் பார்த்தபடியே, "வசனத்த மாத்திட்டாங்க" என்றாள்.

நாங்கள் இருந்த வரிசையை இடித்துவிட்டார்கள். சேக்காட்டில் மாடு கட்டியிருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தேசம்மா இறந்து பல வருடம் ஆகிறது. இப்போது ஆளுக்கொரு போனில் ஆளுக்கொன்று ஓடுகிறது, எல்லாவற்றிலும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் தட்டு மாற்றவில்லை. கொண்டுவந்த பூவை அத்தை அக்காவுக்கும் எனக்கும் வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பா மார்க்கெட் மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தார். சாயங்காலத்துக்குள் டி.வி.யில் சத்தம் வந்துவிட்டது.