மூடாத நன்னாரிக் குழி

ஐம்பத்து நான்கு வயதில், பல்லுயிர்ப் பாதுகாப்பைப் பற்றி எழுதப் போன இடத்தில், ஒரு செடியை வேரோடு பிடுங்கினேன். பிடுங்கியதோடு நில்லாமல் பொய்யும் சொன்னேன்.

செஞ்சிப் பக்கத்துக் காப்புக்காட்டு மலை அது. அடிவாரத்து ஊராட்சிக்குப் பல்லுயிர்ப் பதிவேடு எழுதத் திண்டிவனத்திலிருந்து போயிருந்தேன். நாலு புத்தகம் படித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மலையைக் காட்ட வந்தவர் நன்னாரி எடுக்கும் ஓர் அம்மா. அவர் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அந்த வேர்தான் சோறு. பாதி வேரை மட்டும் வெட்டிக்கொள்வார்கள். கொடியையும் தலைவேரையும் குழியிலேயே விட்டு, மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டி, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். திறந்த குழி ஒன்று வனக்காவலர் கண்ணில் பட்டாலும் அத்தனை பேருக்கும் மலையேற அனுமதி போய்விடும்.

இதையெல்லாம் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். பிறகு அவர் முன்னே போனதும், பாறை மறைவில் நின்ற ஒரு கொடியை வீட்டுத் தொட்டிக்காக முழுசாக உருவிப் பைக்குள் போட்டேன். வாசனை அப்படி.

பத்தடி நடந்திருப்பேன். அதுவரை காதைத் துளைத்த பூச்சிச் சத்தம் பட்டென்று நின்றது. உச்சி வெயில். ஓர் இலைகூட அசையவில்லை. முதுகுக்குப் பின்னால், தப், தப் என்று ஈரமண்ணைத் தட்டும் ஓசை. திரும்பினேன். பாறைதான் இருந்தது.

ஓடிப்போய் அந்த அம்மாவைப் பிடித்தேன். என் கையிலிருந்த மண்ணைப் பார்த்தார்.

"குழிய மூடுனீங்களா சார்?"

"மூடிட்டேம்மா."

அவர் பார்வை என் பைக்குப் போனது. என் பொய் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"நாளைக்குக் காலைல பாரஸ்ட் கார்டு வருவாரு சார். எங்க பொழப்புல மண்ணப் போட்டுக்கினு நிக்கிறீங்களே! ஜல்தி வாங்க."

திரும்பிப் போனோம். குழி மூடியிருந்தது. மேலே உள்ளங்கைத் தடங்கள், என் கையில் பாதி அளவுக்கு. மண் நனைந்திருந்தது.

"இன்னைக்கு நம்ம ரெண்டு பேர் தவிர யாரும் மேல வர்ல," என்றார், குரலை இறக்கி. பையிலிருந்த வேரை வாங்கி, பக்கத்திலேயே புதுக்குழி தோண்டி நட்டார். தடங்களின் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டார். இறங்கும்போது நானும் திரும்பிப் பார்க்கவில்லை. வீரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டு நாள் கழித்து போன் செய்தேன். காவலர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாராம். அனுமதிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியது யாராக இருக்கும் என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியல சார். ஆனா ஒங்களவிட வேல தெரிஞ்சவங்க. நீங்க இனிமே கீழயே குந்திக்கினு எழுதுங்க."