கன்னிக்கு ஒரு முகம்

எங்கள் சித்திக்கு லீவு என்றால் ஊர் ஊராக நடப்பதுதான். மதுரையில் ஆபீஸ் வேலை, கழுத்தில் கேமரா, காலில் கான்வாஸ் ஷூ. கல்யாணமாகாத பொம்பளைப் பிள்ளை இப்படித் தனியாக அலையலாமா என்று வீட்டில் ஒரே புலம்பல். அதனால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். மூணாங்கிளாஸ் முடித்த நான் என்ன துணையோ, கடவுளுக்கே வெளிச்சம்!

தொண்ணூறுகளில் ஒரு முழுப்பரீட்சை லீவு அது. முதல் நாள் திண்டுக்கல் மலைக்கோட்டை. மறுநாள் சாணார்பட்டிப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வரப்பாக நடை. புளியந்தோப்பில் கத்தியோடு நிற்கிற கல்வீரன், இடிந்த கல்மண்டபம், ஒன்றையும் சித்தி விடவில்லை. ஒரு கல்லைச் சுற்றி அரை மணி நேரம் நின்றால் எரிச்சல் வராதா? கல் எங்கே ஓடிவிடப் போகிறது?

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு பூத்தோட்டக்காரர் வீட்டு வாசலில் நின்றோம். சொம்பை நீட்டிய வீட்டம்மா, கேமராவைப் பார்த்ததும் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“செத்த உக்காரு தாயி. எம் மூத்த மக காமாலைல போயிட்டா. ஒரு போட்டோ இல்ல. ஆடிக்கு ஆடி பாவாட தாவணி வச்சு வீட்டுக் கன்னியாக் கும்பிடுறோம். அவ மூஞ்சி எனக்கே மறந்துகிட்டு வருது தாயி.”

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் இல்லாதவளை எப்படிப் படம் எடுப்பது? அதற்கும் அந்த அம்மா வழி வைத்திருந்தாள். இளைய மகளுக்கு அக்காவின் ஜாடை. அக்காவின் தாவணியைக் கட்டி, அவளைப் போலவே வகிடு எடுத்து உட்காரவைத்தால் போதுமாம்.

உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதாவது என்று சித்தி பதறினாள். இளையவளுக்குப் பதினாலு வயது இருக்கும். அவள்தான் மெதுவாக, “எடுங்கக்கா. அம்மா ஒழுங்காச் சாப்புடுறதே இல்ல,” என்றாள்.

தாவணி கட்டி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா வகிட்டைத் திருத்தினாள், பொட்டைத் திருத்தினாள். “சாமிப் படம்த்தா, சிரிக்காத,” என்றாள். படம் எடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தன்னுடைய பச்சைப் பாவாடை சட்டையில் ஓடி வந்தாள்.

“அக்கா, எனக்குன்னு ஒன்னு எடுங்கக்கா. நானும் போட்டோவே எடுத்ததில்ல.”

ரோலில் ஒரே ஒரு படம்தான் பாக்கி. பக்கத்து ஊர்க் கோயிலுக்கென்று சித்தி பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. கனகாம்பரச் செடிகளுக்கு நடுவே நிறுத்தி எடுத்தாள். என்னா சிரிப்பு அது!

படங்களைக் கழுவி வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் திரும்பவும் போனோம். அம்மா இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தாவணிப் படத்தைப் பாயில் போட்டாள். சிரிக்கிற படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“இவதான் எம் புள்ள! இப்படித்தான் சிரிப்பா. பாவாட எதுவா இருந்தா என்ன, எம் மூத்தவளே வந்து நிக்கிறா தாயி!”

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இளையவள் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். “ஆமாம்மா, அக்காவேதான்,” என்றாள். சாமி மாடத்தில் அந்தப் படத்தைச் சாய்த்துவைத்துப் பூச்சரத்தைச் சுற்றியதும் அவள்தான். பாயில் கிடந்த தாவணிப் படத்தை எடுத்துக்கொண்டு, “இது எனக்கு இருக்கட்டும்,” என்று உள்ளே போனாள்.

பஸ் ஏறும்வரை சித்தி அழுதுகொண்டே வந்தாள். எனக்கானால் ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மா இனி வயிறாரச் சாப்பிடுவாள். அந்தப் பெண்ணுக்கும் கேட்டபடி போட்டோ எடுத்தாயிற்று. அதுவும் வீட்டிலேயே நல்ல இடத்தில், பூவெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். இதற்குப் போய் இவள் ஏன் இம்புட்டு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.