தழும்பு கேட்ட வக்கீலம்மா

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தொண்ணூறுகளில் அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் என் குரல் தெரியாத வீடு கிடையாது. மீன் விற்றேனே தவிர யாரிடமும் கெஞ்சியதில்லை. அந்த வக்கீலம்மா வாசலில்தான் முதன்முதலாகக் கூடை இல்லாமல் நின்றேன்.

முந்தின நாள், வலை பிரித்துக்கொண்டிருந்த என் மகனை மப்டியில் வந்த போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். கடற்கரை பங்களா ஒன்றில் நகை திருடு போயிருந்ததாம். ஸ்டேஷனில் கேட்டால், "உம் புள்ளைய யாரு இட்டாந்தது? எங்கனா சுத்தப் போயிருப்பான், போ" என்றார்கள்.

வக்கீலம்மா என்னிடம் மீன் வாங்குகிறவர். போலீஸ் அடித்த கேஸ்களைத் துணிந்து எடுப்பவர் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நான் சொன்னதைக் கேட்டவர் பேனாவை எடுத்தார்.

"பையன் உடம்புல என்னென்ன தழும்பு இருக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா."

கடலுக்குப் போனவன் பிணமாகக் கரை ஒதுங்கும்போதுதான் எங்களிடம் அப்படிக் கேட்பார்கள்.

"இன்னாம்மா கேக்குற? எம் புள்ள உசுரோட கீறான். பொணத்துக்குக் கேக்குறத என்னாண்ட கேக்காத."

"உசுரோட வரணும்னுதான் கேக்கறேன். பழசை எழுதி வெச்சாதான், நாளைக்குப் புதுக் காயம் இருந்தா எப்படி வந்துச்சுன்னு கேக்க முடியும்."

சொன்னேன். முட்டியில் பாறை கிழித்தது. கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறியது. முதுகில் கயிறு அறுத்த கோடு. எழுதி முடித்துவிட்டு, "வாங்க, தந்தி ஆபீஸ் போகணும்" என்றார்.

எங்கள் குப்பத்துக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்தி. ஆட்டோ மயிலாப்பூர் போய்ச் சேரும்வரை எங்கள் எல்லையம்மனை வேண்டிக்கொண்டே போனேன். வக்கீலம்மாவோ, மகனைப் பிடித்துப்போனதைச் சொல்லி என் பேரில் கமிஷனருக்கும் ஐகோர்ட்டு பெரிய ஜட்ஜுக்கும் தந்தி அடித்தார்.

"இதுல தேதியும் மணியும் விழுந்துடும்மா. நாளைக்குத்தான் பிடிச்சோம்னு அவங்க கதை விட முடியாது."

மறுநாளே சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். வராந்தாவில் ஒரு போலீஸ்காரர், "இன்னா ஆயா, தந்தியெல்லாம் அடிக்கிற, பெரிய ஆளாயிட்ட போல?" என்றார்.

"உங்க கமிஷனருக்கு எம் பேரு தெரிஞ்சுபோச்சு நைனா. உம் பேரு தெரியுமா அவருக்கு?"

மகன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தான். என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, அன்று காலைதான் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்ததாகப் போலீஸார் சொன்னார்கள். விசாரிக்க இன்னும் சில நாள் அவன் தங்களிடமே இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். வக்கீலம்மா முந்தின நாள் தேதி போட்ட தந்தி நகலையும் தழும்புகளை எழுதிய தாளையும் நீட்டினார். பையன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்றார். சட்டையைக் கழற்றியதும் முதுகில் ஐந்து கோடுகள் தெரிந்தன. எல்லாம் படகு வேலையில் பட்ட பழைய காயம் என்றார் இன்ஸ்பெக்டர். மாஜிஸ்திரேட் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்தக் கோடு கயிறு அறுத்தது சாமி, எங்களுது. அதுக்குக் கீழ கீற இந்த நாலும் எங்களுது இல்ல. பாதத்தைப் பாரு, வீங்கிக் கீது. எந்தக் கடல்ல சாமி உள்ளங்கால்ல அடிப்பாங்க?"

மாஜிஸ்திரேட் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு, போலீஸிடம் கொடுக்க முடியாது, டாக்டரிடம் காட்டிவிட்டு ஜெயிலுக்கு அனுப்புங்கள் என்றார்.

கூட வந்த என் நாத்தனார், "ஐயோ, ஜெயிலுக்கா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க," என்றார் வக்கீலம்மா. "இப்போதைக்கு ஸ்டேஷனை விட ஜெயில் நல்லது. அங்க கணக்கு இருக்கு, நாலு பேர் கண்ணு இருக்கு. ஜாமீனுக்கு நான் பாத்துக்கறேன்."

ஆனாலும் வண்டி கிளம்பியபோது நான் வாசலுக்கு ஓடினேன். ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை.

அன்று மாலை எல்லையம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். பிள்ளை ஜெயிலுக்குப் போனதற்காகக் கற்பூரம் ஏற்றியவள் எங்கள் குப்பத்தில் நான் ஒருத்திதான்.