சோலைச்சாமியின் இடது கன்னம்

விருதுநகர் வத்தல் கடைத்தெருவில் சோலைச்சாமி அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூட்டையிலிருந்து ஒரு மிளகாய் வத்தலை உருவுவார். நுனியைக் கிள்ளி இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடிப் பத்து எண்ணுவார். பிறகு ஒண்ணாம் காரம், ரெண்டாம் காரம், மூணாம் காரம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்; ஒண்ணாம் காரம்தான் உச்சம். மசாலாக் கம்பெனிக்காரர்கள் உடனே லோடு ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சொன்னதை மாற்றியதில்லை. நான் ஒச்சப்பன், அவர் வேலை பார்க்கும் கமிஷன் கடையில் எடை போடுகிறவன். அந்தப் பிடிவாதக்காரரோடு பதினெட்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பல் தேய்ப்பது அவருக்கு வேண்டாத வேலை. ஈறு வீங்கியிருக்கும், துப்பினால் ரத்தம் வரும். கேட்டால், "ஏலே, நாள் பூரா வத்தலைக் கடிக்கிற வாயில எந்தக் கிருமி தங்கும்? வந்த வழியா ஓடிரும்" என்பார். புகையிலையை மட்டும் பத்து வருடத்துக்கு முன்பே விட்டிருந்தார். வத்தல் கிருமியை விரட்டும் என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

போன மாசியில் ஒரு லோடுக்கு அவர் ஒண்ணாம் காரம் என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் லோடு திரும்பி வந்தது. காரமே இல்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். முதலாளி ராஜபாண்டியன் ஒரு வத்தலைக் கடித்துப் பார்த்தார். நான் முழுதாக ஒன்றைத் தின்றேன். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், அப்படி இருந்தது.

"ஒங்க எல்லாருக்கும் நாக்கு செத்துப்போச்சு. எனக்கு நெருப்பா எரியுது" என்று அண்ணன் கத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி செல்லத்தாய் என்னைத் தேடி வந்தார். "தம்பி, ஒரு மாசமா ரசத்துக்குக்கூட காரம்னு தட்டத் தள்ளுதாக. நான் மிளகே போடலய்யா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எரிச்சல் வத்தலில் இல்லை, அண்ணன் வாயில்தான் இருந்திருக்கிறது. மறுநாள் அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் பல் மருத்துவர் ரோஷினியிடம் போனேன்.

டாக்டர் இடது கன்னத்தை விலக்கிப் பார்த்தார். வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு, நடுவில் ஆறாத புண். சிரிப்பு போய்விட்டது அவர் முகத்தில். "அய்யா, இதுல இருந்து ஒரு துளி வெட்டி மதுரைக்கு அனுப்பணும். புத்துநோயா இல்லையானு தெரிஞ்சிக்கிடணும்" என்றார். பிறகு ஈற்றோரம் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதோடு இணைத்திருந்த டிவியைப் போட்டார்.

திரை முழுக்க உயிர். புழு மாதிரி நெளிந்ததும், குச்சி மாதிரி ஓடியதும், சுருண்டு சுருண்டு துள்ளியதும் ஆயிரக்கணக்கில். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"இம்புட்டும் என் வாயிலயா?"

"ஒங்க வாயிலதான்."

அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு வத்தலை எடுத்தார். "இதைக் கரைச்சு ஊத்துங்கம்மா. ஒண்ணு இருக்காது." டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்புநீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டார். மூவரும் திரையையே பார்த்தோம். அவை பாட்டுக்கு நீந்தின. அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஈறு அழுகுற எடத்துல இருக்கிற சில பாக்டீரியாவை, புத்துக்கட்டிக்குள்ளயும் பாத்திருக்காங்க" என்றார் டாக்டர். "அதுக நோயை வளக்குதா, நோய் வந்த எடத்துல குடியேறுதானு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஒங்களுக்குப் பழைய புகையிலைதான் மொத எதிரி. ஆனா வாயை இப்பிடி வச்சிருக்கிறது யாருக்கும் நல்லதில்ல."

அன்றே புண்ணில் ஒரு துளி வெட்டி மதுரைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். பயத்தில் சுருண்டு கிடப்பார் என்று நினைத்தேன். இவரோ செல்போனில் பிடித்து வந்த அந்தப் படத்தைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். "என் வாயைப் பாருங்கலே, ரயில்வே ஜங்ஷன் கணக்கா இருக்கு" என்பார். மூட்டை தூக்குகிறவர்கள் பதினோரு பேரை அவரே டாக்டரிடம் அழைத்துப் போனார். ஆனால் சாப்பாட்டு வேளையில் தூக்குவாளியைத் திறக்காமல் வைத்திருந்தார். அவருக்குப் பயம் இருந்தது எனக்குத் தெரியும். எனக்கு அவரைவிட அதிகம்.

பத்தாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம், கழுத்துக்கு இறங்கவில்லை. வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். நான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன். "ஏலே, எனக்கா ஒனக்கா நோயி?" என்றார்.

ஈற்றைச் சுத்தம் செய்து, ஆடிய பல் இரண்டைப் பிடுங்கி, மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ஆவணியில் திரும்பி வந்தார். இடது கன்னம் கொஞ்சம் உள்ளே இழுத்திருந்தது, பேச்சில் லேசான குழறல். கடையில் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். "வத்தல்ல ஒரு நுனி மட்டும் கடிக்க டாக்டரம்மா சரினுட்டாக" என்றார்.

புது மூட்டையை நான் அவிழ்த்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடி எடுத்து, சீட்டு ஒட்டிப் பாட்டிலில் போட்டுத் தீபாவளி வரைக்கும் வைத்திருப்பது எங்கள் கடை வழக்கம். அவர் நேராக அலமாரிக்குப் போய் அந்த மாசி மாதத்துப் பாட்டிலை எடுத்தார். 'ஒண்ணாம் காரம்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஒரு வத்தலின் நுனியைக் கிள்ளி, முதன்முறையாக வலது கன்னத்தில் ஒதுக்கினார். கண்ணை மூடினார். நாங்கள் மனதுக்குள் எண்ணினோம். ஆறு, ஏழு, எட்டு.

கண்ணைத் திறந்தார். என் காதில் செருகியிருந்த பேனாவை உருவி, சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு 'மூணாம் காரம்' என்று எழுதினார்.

"ஒச்சப்பா, அந்தக் கம்பெனிக்காரருக்கு போனைப் போடு. தப்பு அவுக நாக்குல இல்ல, என் கன்னத்துல இருந்துச்சு, வெட்டிப் போட்டாச்சுனு சொல்லு."