புகை டெஸ்டில் ஃபெயில் ஆன கணக்கு டீச்சர்

சோக் இழுத்த காருக்கென்று ஒரு வாசனை உண்டு... பச்சைப் பெட்ரோல் வாசனை. காலை ஏழு மணிக்கு மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்து முழுக்க அதுதான் வீசும். எதிர்வீட்டு மாமி படாரென்று ஜன்னலைச் சாத்தினால், அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

அம்மா கணக்கு டீச்சர். அந்த வெள்ளைக் காரைத் தன் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்பாவுக்கு டிரைவிங் தெரியாது. கார் என்றாலே அவருக்குத் தண்டச் செலவு.

ஆனாலும் அந்தக் காரில் அவருக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. காலையில் வண்டி கிளம்ப, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சோக் குமிழை வெளியே இழுக்க வேண்டும். பெட்ரோல் கூடுதலாகப் போகும், புகையும் வரும். எஞ்சின் சூடானதும் மறக்காமல் உள்ளே தள்ள வேண்டும். "ஏங்க, தள்ளிட்டீங்களா?" என்பாள் அம்மா, ரோட்டிலிருந்து கண் எடுக்காமல். பக்கத்து சீட்டில் இருந்து தள்ளுவார். அவ்வளவுதான் அவர் வேலை.

நான் நந்தனத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கு முன் புகை சர்டிஃபிகேட் வேண்டும். ரூல்ஸ் கறாராகிக்கொண்டே வந்த காலம் அது.

"டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சுன்னா வண்டியக் குடுத்துடலாம்" என்றார் அப்பா. அம்மா ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டாள்.

டி.நகர் பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு புகை டெஸ்ட் வேன் நிற்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால்தான் புகை குறையும் என்று, அம்மா ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள். சப்வே, பனகல் பார்க், நந்தனம் சிக்னல் என்று ஒரு முழு ரவுண்டு, கோயிலில் பிரதட்சணம் செய்கிற சிரத்தையோடு. எனக்கோ, ஆபீஸ் ஆள் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற கவலை. பின் சீட்டில் தலையைக் குனிந்துகொள்வேன்.

வேன்காரர் சைலன்சரில் குழாயைச் செருகினார். ஸ்கிரீனைப் பார்த்தார். "மேடம், ரொம்ப ஜாஸ்தி கீது. கார்புரேட்டர் பாத்துகினு வாங்க."

கோடம்பாக்கத்தில் மெக்கானிக் பாய் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். மறுபடி ரவுண்டு, மறுபடி வேன். மறுபடி ஃபெயில்.

பாய் குழம்பிப்போனார். "இங்க சுத்தமா ஓடுது மேடம். அங்க போனா மட்டும் இன்னா ஆவுதுன்னு தெர்ல."

அன்று ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எத்தனையோ பிள்ளைகளை ஃபெயில் போட்டவள்தான்... தனக்கென்று வந்தபோது தாங்க முடியவில்லை. அந்தக் கார் ஒன்றுதான் அவள் பெயரில் இருந்தது. எங்கே போவது, எப்போது திரும்புவது என்று அவள் தீர்மானிக்கும் ஒரே இடமும் அதுதான். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது தடவை அப்பாவும் வந்தார். அவர் சட்டைப்பையில் காயலான் கடைக்காரரின் நம்பர் இருந்தது. "இன்னிக்கும் ஃபெயில்னா நேரா அங்கதான்" என்றார்.

வேன் பக்கத்தில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேன்காரர் ஆர்.சி. புக் கேட்டார்.

அம்மா மடியிலிருந்த கைப்பையை, ஒரு பக்க வாரை மட்டும் எடுத்து, சோக் குமிழில் மாட்டினாள். பரீட்சைப் பேப்பர், டிபன் பாக்ஸ், குடை எல்லாம் இருக்கிற பை. அது விழாமல் தொங்க, கையை விட்டுத் துழாவி ஆர்.சி. புக்கை இழுத்தாள். கூடவே குமிழும் பாதி வெளியே வந்துவிட்டது. ஜன்னல் வழியே புக்கை நீட்டிய அம்மா அதைக் கவனிக்கவில்லை. முன்பு இரண்டு தடவையும் இதுதான் நடந்திருக்க வேண்டும். பாயின் ஷெட்டில் அவள் பையோடு இறங்கிவிடுவாள்... அதனால்தான் அங்கே ஒரு கோளாறும் இல்லை.

அப்பா பார்த்துவிட்டார்.

பின் சீட்டிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அவர் நினைத்தது நடந்திருக்கும். வேன்காரர் குழாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

அப்பா பையைக் கழற்றினார். கட்டைவிரலால் குமிழை உள்ளே தள்ளினார்.

"இனிமே பைய எங்கிட்ட குடு. நான் வச்சிக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

வண்டி பாஸ். அம்மா அந்தச் சர்டிஃபிகேட்டை ராங்க் கார்டு மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாயின் கைராசி என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா மறுக்கவே இல்லை.

அடுத்த ஐந்து வருஷமும் முன் சீட்டில் அவர் மடியில் அந்தப் பை இருந்தது. அடுத்த தடவை புதுப்பிக்க வேண்டி வந்தபோது, அம்மாவே போதும் என்றாள். ரூல்ஸ் இன்னும் இறுகியிருந்தது, அவளுக்குக் கண்ணில் புரையும் வந்திருந்தது. வண்டி போன அன்று அப்பாதான் தெருமுனை வரை கூடவே நடந்தார்.

இப்போது என்னிடம் இருப்பது எலக்ட்ரிக் கார். புகை இல்லை, சோக் இல்லை, டெஸ்டும் இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருக்கிறது. நல்லதுதான்... மூச்சு விட முடிகிறது. ஆனாலும் சில காலைகளில் அந்தப் பெட்ரோல் வாசனையை மூக்கு தேடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் அடையாறுக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வலி என்று அம்மா முன் சீட்டில், அப்பா பின்னால். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"பைய குடு."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்தாள். இன்று வரை அவளுக்குக் காரணம் தெரியாது.